மச்சானின் அட்டையில் என் இரத்த அழுத்தம்

1978 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. பினாங்கில் பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். நான் அங்கே சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பேசியவர் சுப்பிரமணியம். பீடோங்குக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக இருந்தவர். டிரஸர் என்றால் தோட்டத்துக்குப் பாதி டாக்டர். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம் வரைக்கும் அவர்தான்.

"தம்பி ஜூலியஸ்... உங்க மச்சான் தவறிட்டாருப்பா. காலையில பத்து மணி இருக்கும். செம்பனைக் காட்டுல விழுந்தாரு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. நான் போயி சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பஸ்ஸப் புடிச்சு உடனே வாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கார்டு விசயம் நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு பேரு. அக்காகிட்ட வாயத் தொறந்துடாதீங்க."

என் அக்காள் புருஷன் செத்துப்போனார் என்று கேட்ட அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அந்த அட்டை இப்போது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்ற பயம். அதற்குப் பிறகுதான் அவருடைய முகம் நினைவுக்கு வந்தது. பத்து வருடங்களாக நான் இதை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறெதுவும் இல்லை. எழுதினால் இந்த வரிசையையும் எழுத வேண்டியிருக்கும்.

இஞ்ஞாசிமுத்து 1945-இல் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். என் அக்காள் பிரிஜெட்டைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ, "பொண்ணு கூடவே ஒரு தம்பியும் வருவானாமே" என்று இழுத்தார்களாம். "ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாமா? நல்லதுதான் லா" என்றாராம் இவர். அந்த வார்த்தைக்காகவே அக்காள் சம்மதித்தாள் என்று பிறகு சொல்லியிருக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கடைசி வரைக்கும் இனாமாக வந்தவன் மட்டும்தான்.

அவர் பெரிய ஆள் இல்லை. குட்டையான உடம்பு, கனத்த தோள், உடம்புக்குப் பொருந்தாத உரத்த சிரிப்பு. பூசையில் பாட்டுப் பாடினால் எப்போதும் மற்றவர்களை விட ஒரு வரி முன்னால் போய்விடுவார். "சாமிக்கு மொதல்ல என் பாட்டுத்தான் போய்ச் சேரும்" என்பார். ஆனால் தோட்டம் முழுக்க அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெரட்டுதான்.

பெரட்டு என்பது விடியற்காலை ஐந்தரை மணிக்கு அலுவலகத்து வாசலில் நடக்கும் ஆள் கணக்கு. வேலையாட்கள் கூடி நிற்க, கிராணி, அதாவது அலுவலகத்துக் கணக்குப்பிள்ளை, பெயர்களைப் படிப்பார். இருட்டு கலைந்திருக்காது, யார் முகமும் யாருக்கும் தெரியாது. பெயர் படிக்கும்போது குரல் வந்தால் போதும். படுக்கையிலிருந்து எழ முடியாதவனுக்காக, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பின்தங்கியவளுக்காக, பக்கத்து வீட்டுக்காரர்கள் குரல் கொடுப்பது வழக்கம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். மச்சானுக்கு அதில் தனித் திறமை இருந்தது. ஒரு கிழவருக்குக் கட்டைக் குரல், பழனியாண்டிக்கு இருமலோடு ஒரு குரல் வைத்திருந்தார். ஒருநாள் ஒரே கூரையில் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வீடுகளில் கடைசி வீட்டு மருதம்மாளுக்காகக் கீச்சுக் குரலில் "இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டார். கிராணி டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, "மருதம்மாளுக்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

1975-இல் அவருக்குப் பின்மண்டையில் வலி ஆரம்பித்தது. முப்பது வயது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் பெரட்டிலேயே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. டிரஸர் சுப்பிரமணியம் இரத்த அழுத்தம் பார்த்தார். இருநூற்று இருபது, நூற்று முப்பது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தன் கையிலேயே கட்டிப் பார்த்தாராம். கருவி சரியாகத்தான் இருந்தது. மாத்திரை மேல் மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. சுங்கைப்பட்டாணிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து, எங்கள் வாயில் கே.எல். ஆகிவிட்ட கோலாலம்பூருக்கு.

1976 மார்ச் மாதம். நான் பள்ளியில் ஐந்தாம் படிவப் பரீட்சை முடிவுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று துணைக்கு என்னை அனுப்பினாள் அக்காள். அங்கே இருந்த அறுவை மருத்துவர் ஒரு சீனர், அமைதியான மனிதர். மச்சானைப் படுக்க வைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டிவிட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சீறல். பாதி திறந்த தண்ணீர்க் குழாயில் வருமே, அந்தச் சத்தம். தொடை வழியாக மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஓரிடத்தில் நூல் போலச் சுருங்கியிருந்தது.

டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்தச் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை. உடம்பு முழுவதற்குமே இரத்தம் போதவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. அதனால் அழுத்தத்தை ஏற்று, ஏற்று என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மச்சான் யோசித்துவிட்டு, "அட, நம்ம மருதம்மா மாதிரிடா" என்றார். "கடைசி வீட்டுக்குப் பைப்புல தண்ணி வரலன்னா அவ போடுற சத்தத்துல லயமே எழுந்திரிச்சுக்குதே."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்து, அதேதான் என்றார்.

சிகிச்சையும் அப்படித்தான். அடைத்த குழாயைத் தொடாமல் பக்கத்திலேயே இன்னொரு குழாய் போடுவது. காலின் உட்பக்கத்திலிருந்து ஒரு இரத்த நாளத்தை எடுத்து, வயிற்றின் நடுவே இறங்கும் பெரிய இரத்தக்குழாயில் ஒரு நுனியையும், சுருங்கிய இடத்தைத் தாண்டி மறு நுனியையும் தைப்பார்கள். நாளத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் தடுப்புகள் இரத்தத்தை ஒரே திசையில்தான் விடும். ஐந்து மணி நேரம் ஆனது. பத்தாவது நாள் அழுத்தம் நூற்று முப்பதில் நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார். நான் அதை மச்சானிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அதை இங்கேயும் எழுத வேண்டும். "மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்து, எண்ணை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நன்றாக இருக்கும் வரைக்கும் இவ்வளவு தூரம் வர வேண்டாம். ஏறினால் அந்தப் புதுக் குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். உடனே வந்தால் சரி செய்யலாம். முழுக்க அடைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது." தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த வார்த்தைகள் என் வாய் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன.

மச்சான் ஊருக்கு வந்ததும் கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் ஓடிய தழும்பைத் தோட்டம் முழுக்கக் காட்டினார். "உள்ள எனக்கு ஜாலான் பாரு போட்டிருக்காங்க" என்பார். ஜாலான் பாரு என்றால் மலாயில் புதுச் சாலை. "டோல் கெடையாது, லைசன்ஸ் கெடையாது. ராத்திரி பகலா ஓடுது."

அக்காள் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மெழுகில் ஒரு சிறுநீரகம் செய்து வைக்க வேண்டும் என்பது அவள் நேர்த்தி. மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி அவளே செய்தாள். முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்தாள். கோயில் வாசலில் ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், யாருக்கும்மா காது கேக்கல?" என்று கேட்டாள். மச்சான் உடனே தன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்னம்மா சொல்றீங்க?" என்று கத்தினார். திரும்பி வந்த பஸ்ஸில் அக்காள் பாதி வழி அவரோடு பேசவில்லை. மீதி வழி சிரித்துக்கொண்டே வந்தாள். அவர்களை நினைக்கும்போது அந்தப் பஸ்ஸிலேயே நிறுத்திக்கொள்ள எனக்கு ஆசை.

1977 தொடக்கத்தில் முழு வேலைக்குத் திரும்பிவிட்டார். ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுவதும், வெட்டிய குலையைச் சுமந்து சாலையோரம் போடுவதும் அவர் வேலை. அந்த ஜூன் மாதம் புதிய மானேஜர் ஒரு உத்தரவு போட்டார். நோயால் வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் பெயர் பதிவிலிருந்து நீங்கும். பெயர் நீங்கினால் ஒரு மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காளிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. குடியுரிமை இல்லாதவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. குத்தகைக்காரரிடம் கூலிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். வீடு மச்சானின் பெயரில்தான் நின்றது. நான் அந்த வீட்டிலிருந்துதான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் பரீட்சை.

ஆகஸ்டில் அவருக்குத் தலைவலி திரும்ப வந்தது. டிரஸர் தனியாகக் கூப்பிட்டு அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

"நான் இத எழுதல" என்றார் சுப்பிரமணியம். "புதன்கிழமை பெரிய டாக்டர் வர்றாரு. அவரு பார்த்து எழுதினா எழுதினதுதான். கே.எல்.லுக்கு எப்படியும் போயித்தான் ஆகணும் இஞ்ஞாசி."

அன்று மாலை அக்காள் ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மச்சான் வாசல்படியில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "போயிக் காட்டிட்டு வந்துர்றேன்டா. வீடு போனாப் போவுது. பீடோங்குல ஒரு ரூம்பு புடிப்போம். நீ அங்கேர்ந்து ஸ்கூலுக்குப் போ."

அவர் முடிவு செய்துவிட்டார். எழுதி வைக்க வேண்டியது இதுதான். அவர் போகத் தயாராக இருந்தார்.

"பரீட்சைக்கு மூணு மாசந்தான் மச்சான்" என்றேன் நான். "இப்ப வீடு மாத்தினா நான் எங்க உக்காந்து படிக்கிறது? முடிஞ்சதும் நானே உங்கள கே.எல்.லுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டர் புதன்கிழமை கையில பட்டையக் கட்டுவாரே. அதுக்கு என்னா செய்ய?"

"அவரு புதுசு. உங்க மொகம் அவருக்குத் தெரியாது. பேர் கூப்பிட்டா அட்டையோட யாரு போனாலும் ஒண்ணுதான். பெரட்டுல நீங்க குரல் குடுக்கிறதில்லையா? நான் கை குடுக்கிறேன்."

அவர் தீட்டுவதை நிறுத்தி என்னையே பார்த்தார். "வேணான்டா. அது வேற, இது வேற" என்றார். பிறகு என் மேசையைத் திரும்பிப் பார்த்தார். பழைய பலகையில் அவரே அடித்துக் கொடுத்த மேசை. அதன் மேல் என் புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. அரிவாளை எடுத்து மறுபடியும் தீட்ட ஆரம்பித்தார்.

புதன்கிழமை மருந்தக வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். டிரஸர் எல்லாரிடமும் வாங்கி வைத்த அட்டைகளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். "இஞ்ஞாசிமுத்து!" நான் எழுந்து போனேன். சுப்பிரமணியம் என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைத் தேடினார். உள்ளே டாக்டர் நிமிரவே இல்லை. நான் கையை நீட்டினேன். பட்டை இறுகியது, தளர்ந்தது.

"நூற்று இருபத்திரண்டு, எழுபத்தெட்டு. வெரி குட்" என்று எழுதினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியது போல. அதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

மச்சான் மருந்தகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எத்தன மார்க்குடா?"

சொன்னேன்.

"பாத்தியா, என் ஒடம்பு உன்கிட்ட இருந்தா எவ்ளோ நல்லாருக்குன்னு. அட்டையில வயசு முப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு. அடுத்த வாட்டி மீசையக் கொஞ்சம் வளத்துக்க."

எண் கோலாலம்பூருக்குப் போனது. அங்கிருந்து நல்லது, தொடர்ந்து எழுதுங்கள் என்று ஒரு வரி வந்தது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன்.

நவம்பரில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவை கை கொடுத்தேன். பிறகு பரீட்சை முடிந்தது. நான் வாக்குக் கொடுத்த நாள் வந்தது. டிசம்பரில் வேலை அதிகம், போனஸ் நேரம், லீவு கேட்க முடியாது என்றார் அவர். நான் சரி என்றேன். பிப்ரவரியில் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். "காது வச்சுக் கேளுடா, அந்தச் சத்தம் வருதான்னு" என்று ஒருநாள் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் காதை வைத்தேன். வெறும் காதுக்கு என்ன கேட்கும்? "ஒண்ணும் கேக்கல மச்சான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர் போனால், ஆறு மாதமாக நூற்று இருபதில் இருந்தவன் எப்படித் திடீரென்று இருநூறுக்கு வந்தான் என்று கேட்பார்கள். விசாரித்தால் என் பெயர் வரும். நான் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டிருந்தேன். முதல் தடவை வீட்டுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது தடவை எனக்காகத்தான். நான்காவது தடவை, மே மாதம், அவர் கேட்கவே இல்லை. நானே வீட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். சேர்க்கைக் கடிதம் அப்போது என் பெட்டியில் இருந்தது. ஆகஸ்டில் நான் பினாங்கில் இருப்பேன், அப்போது அவரே போய் மாட்டிக்கொள்ளட்டும், கே.எல்.லுக்குத் தானாகவே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆகஸ்டுக்கு இரண்டு வாரம் குறைந்துவிட்டது.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அக்காள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அந்த அட்டை இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் அதை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டரு கையெழுத்துப் போட்டிருக்காரு. நான்தான் காலையில கூரை ஒழுகுதுன்னு பேசிக்கிட்டே இருந்தேன். பெரட்டுக்கு முன்னாடி இருட்டுல தகரத்து மேல ஏறி ஆணி அடிச்சாரு. எறங்கும்போதே தல சுத்துதுன்னாரு. நான்தான் ஏத்தி விட்டேன். நான்தான்."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். 122, 120, 124, 120. கடைசி நான்கு எண்ணும் என்னுடையவை.

வெளியே டிரஸர் சுருட்டைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "உங்கள மட்டும் சொல்ல முடியாது தம்பி" என்றார். "நானும் அன்னிக்கு உங்க மொகத்தப் பார்த்துத்தான் கார்டக் கையில குடுத்தேன்." அந்த வருடக் கடைசியில் அவர் பெண்டாங் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நான் அவரைப் பிறகு பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறு வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. ஒரு மாதத் தவணை. நான் கை நீட்டிக் காப்பாற்றிய வீடு.

அக்காள் பீடோங்கில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். நூர்தீன் என்பவரின் துணிக்கடைக்குப் பின்கட்டில் தையல் வேலை. நான் படித்து முடித்து, சுங்கைப்பட்டாணியில் ஆசிரியராகி, கல்யாணமும் செய்துகொண்டேன். மாதம் இரண்டு தடவை அவளைப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். அவள் தகரத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். நான் தலையைக் குனிந்து கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். எட்டு வருடம் இப்படி ஓடியது.

1986-இல் எனக்கு மகன் பிறந்தான். அக்காள்தான் ஞானத்தாய். நான் போனபோது ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை மூடி வைத்துவிட்டு, கீழ்க்கரையில் லேஸைக் கையாலேயே தைத்தாள். மெஷின் போட்டால் லேஸ் சுருங்கிவிடுமாம்.

"பையனுக்கு அவரு பேரு வைப்போம் தம்பி" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இஞ்ஞாசின்னு. எனக்கு வேற ஆசையே இல்ல."

"வேணாங்கா."

"ஏன், பழைய பேருன்னு பார்க்கிறியா? ஒம் பொண்டாட்டி ஏதாச்சும் சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான் அந்தப் பேரச் சொல்லிப் பிள்ளையக் கூப்பிட முடியாது."

"நல்ல கூத்து. அவரு தூக்கி வளத்த புள்ளடா நீ."

அப்போது சொன்னேன். ஆகஸ்டிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், எழுந்து போய்விடக் கூடாது என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. அவள் கை எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"எத்தன தடவ?"

"நாலு."

"அவரு போறேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. மொதல்லியே சொன்னாரு."

"நீதான் பரீட்சைன்னு சொன்ன."

"ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த வந்திருந்தா, பரீட்சையாவது மண்ணாவதுன்னு அவரப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் சொல்லல."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. முன்பக்கத்தில் நூர்தீன் அண்ணன் யாருக்கோ துணி கிழித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"எட்டு வருசமா ஃபாதர்கிட்ட அந்தத் தகரத்தையே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் பிறகு. "மூணு ஃபாதர் மாறிட்டாங்க. போன மாசங்கூட, 'அம்மா, இத எத்தன தடவ மன்னிக்கிறது'ன்னு கேட்டாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து, தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்துப் பழைய நாளிதழ்த் தாளில் சுற்றி, என் பக்கத்தில் வைத்தாள்.

"சோறு இருக்கு. கருவாட்டுக் கொழம்பு. நீயே போட்டுச் சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். அதற்கு முன்னால் என் வாழ்நாளில் அவள் எனக்குச் சோறு போடாமல் இருந்ததில்லை.

ஞானஸ்நானத்துக்கு அவள் வந்தாள். வெள்ளைச் சேலை கட்டி, பிள்ளையை ஏந்தி, ஃபாதர் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். பெயர் கேட்டபோது, என் மனைவி தேர்ந்தெடுத்த அலோசியஸ் என்ற பெயரைச் சொன்னாள். பிள்ளை போட்டிருந்தது சுங்கைப்பட்டாணி கடையில் வாங்கிய சட்டை. அக்காள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துணி நல்லாருக்கு" என்றாள். என்னிடம் பேசுகிறாள், கேட்டதற்கு மட்டும். தகரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அவள் தாளில் சுற்றிக் கொடுத்த சட்டை எங்கள் அலமாரியில் இருக்கிறது. கீழ்க்கரை லேஸ் முன்பக்கம் முழுவதும் வந்து, இடது பக்கத் தையலோடு நிற்கிறது. பின்பக்கம் தைக்கவில்லை. நூல் கோத்த ஊசி அந்த இடத்திலேயே குத்தியிருக்கிறது.